ஏன் போட்டுப் பேசு

தேரிமேடு மத்திய சிறையின் ரொட்டிக்கூடத்தில் காலை ஒன்பது மணிக்கு இலக்கண வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் கொளஞ்சி. இரட்டைக் கொலைக்கு ஆயுள் தண்டனை வாங்கியவன். ஆறாம் வகுப்பில் தமிழில் பெயிலாகிப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனிடம் இப்போது தமிழ் படிக்க இரண்டு பிளாக்கிலிருந்து ஆள் வருகிறது என்றால் பாருங்களேன்.

“‘வெட்டுப்பட்டுச்சு’ன்னு சொன்னா?”

“மார்க் இல்லண்ணே.”

“‘வெட்டிட்டேன்’?”

“பாதி மார்க்.”

“ஏன்டா பாதி?”

“‘ட்டேன்’னு வந்தா கை தவறிச் செஞ்ச மாதிரி இருக்குண்ணே.”

“அப்ப எப்டி சொல்லணும்?”

“வெட்டினேன்!” என்று எட்டுப் பேர் மாவுக் கையோடு ஒரே குரலில் கத்தினார்கள்.

“அதான். ஏன் போட்டுப் பேசு. எந்த வார்த்தையா இருந்தாலும் கடைசில ஏன் வரணும். அடிச்சேன், குத்தினேன், தள்ளினேன். அத்தைக்கு ஏன் இருந்தா போதும்.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பவதாரிணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. இந்தப் பாடத்தை உலகத்தில் முதன்முதலில் எழுதியவளே அவள்தான்.

அவள் சிறை உளவியலாளராக வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஏசி போட்ட கிளினிக்குகளில் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்க்கப் போனபோது, இவள் மட்டும் சிறைத்துறையில் ஒப்பந்த வேலைக்கு மனுப் போட்டாள். “கெட்ட கனவு வந்தா டாக்டர்கிட்ட போவாங்க. நீ கனவுல வர்ற ஆளுங்ககிட்டயே போறியாக்கும்?” என்று அவள் அம்மா கேட்டாள். ஆயிரத்து நூறு கைதிகளுக்கு ஒரே ஒரு உளவியலாளர். ஒரு நாற்காலி, ஓடாத மின்விசிறி, ஒரு நோட்டு. கைதி சொல்வதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் நோட்டில் எழுதிக்கொள்வது அவள் பழக்கம்.

நாலு வருடம் எழுதிய பிறகு ஒன்று அவள் கண்ணில் பட்டது. ‘நடந்துபோச்சு’, ‘ஆயிடுச்சு’ என்று சொல்லிவிட்டு விடுதலையாகிப் போனவர்கள் அடிக்கடி திரும்பி வந்தார்கள். ‘செஞ்சேன்’ என்று சொன்னவர்கள் அநேகமாக வரவில்லை. அதை எட்டுப் பக்கக் கட்டுரையாக எழுதினாள். அந்த எட்டுப் பக்கம்தான் அவளை நிரந்தரமாக்கியது, சீனியராக்கியது, மேடை மேடையாக ஏற்றியது. ஒரு நிறுவனம் அதைத் தூக்கிக்கொண்டு போய் இயந்திரமாக்கியது.

இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் உள்ளறி. நாடி பார்க்கும், குரல் பார்க்கும், கண்ணைப் பார்க்கும். ஆனால் நூற்றுக்கு எழுபது மார்க் வினைச்சொல்லுக்கு. அறுபது வாங்கினால் முன்விடுதலை. ஐந்து தடவை உட்காரலாம். ஐந்தாவது தடவையும் வாங்காவிட்டால் கோப்பை ஏழு வருடத்துக்கு மூடிவிடுவார்கள். கைதிகள் அதற்கு அத்தை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெதுவான குரலில் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்கும், எந்தப் பதிலிலும் திருப்தி வராது, கடைசியில் மார்க்கும் போடும். பொருத்தமான பெயர்தான்.

கொளஞ்சி அவளைப் பார்த்துவிட்டான். “வாங்க மேடம். சும்மா பாட்டு சொல்லிக் குடுத்துனு இருக்கேன்.”

“கேட்டேன். நல்ல பாட்டு. ‘மாட்டேன்’ சொல்லிக் குடுக்கலயா?”

“அத்த அத கண்டுபுடிச்சிட்டா மேடம். இனிமே அடிக்க மாட்டேன், குடிக்க மாட்டேன்னு நம்மாளு ஒருத்தன் வரிசையா பத்து ஏன் போட்டான். ஒத்த மார்க் வரல.” அவன் கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “கோச்சிக்காதீங்க மேடம், நீங்க கண்டுபுடிச்சதுன்னு சொல்றாங்க. புண்ணியமாப் போவும். இதுவரைக்கும் பதினாலு பேர அனுப்பிட்டேன்.”

பதினாலு பேர். அதில் ஒருவன் தொண்ணூற்றைந்து வாங்கிப் போய், நாற்பதாவது நாள் திரும்பி வந்தான். முதல் தடவை அவன் வெட்டியபோது மனைவி பிழைத்துக்கொண்டாள். இந்தத் தடவை பிழைக்கவில்லை. பவதாரிணி அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி எழுதிய குறிப்பு மேலே போனது. ‘பரிசீலிக்கப்படும்’ என்று கீழே வந்தது.

“கடற்கரைன்னு ஒருத்தர் இருக்காரே, அவர் வகுப்புக்கு வர்றாரா?” என்று கேட்டாள்.

“அந்தாளா? கூப்ட்டுப் பாத்துட்டேன் மேடம். மாவு பெசையச் சொன்னா பெசைவாரு. பேசச் சொன்னா மாவையே பாத்துனு நிப்பாரு.”

*

கடற்கரைக்கு ஐம்பத்திரண்டு வயது. தெற்கத்திக்காரர். வாழைக்குத் தண்ணீர் திருப்பும் தகராறில் தம்பி சுயம்புவை மண்வெட்டியால் அடித்துக் கொன்ற வழக்கு. பதினாலு வருடம் முடிந்துவிட்டது. இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் சிறை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இன்னும் ஏழு வருடம் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் பவதாரிணியிடமே சொல்லிவிட்டார். நாலு தடவை அத்தை முன்னால் உட்கார்ந்து நாலு தடவையும் முப்பத்தொன்று. ஐந்தாவது தடவை வியாழக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய்.

அவள் அறையில் அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பவதாரிணியால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள்.

“அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவ சொல்லுங்க.”

“எத்தன தடவ மேடம் சொல்லுதது? மடைய தொறக்கதுக்கு மிஷினு வச்சிருந்தாங்கல்லா, அது என் மொறைய அவனுக்குன்னு காட்டிட்டு. நான் கையாலயே தொறந்துட்டேன். அவன் வந்தான். வாய்த்தகராறு. மம்பட்டி பட்டுட்டு. விழுந்துட்டான். செத்துட்டான்.”

“பாருங்க, மடைய மட்டும் ‘தொறந்துட்டேன்’கறீங்க. மத்ததெல்லாம் தானா நடந்த மாதிரி இருக்கே!”

“தானா நடந்ததுன்னு நான் சொல்லலியே.”

“அது எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே!” அவள் குரல் உயர்ந்துவிட்டது. தன் மேலேயே எரிச்சலாக வந்தது. “நான்தான் கொன்னேன். ரெண்டே வார்த்த. அத ஒரு தடவ சொல்லிட்டு மகளோட வீட்டுக்குப் போங்களேன். யாருக்கு என்ன நஷ்டம்?”

அவர் முழங்கை மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டார். ஊசி குத்திக் குத்தி அந்த இடம் புடைத்துப் போயிருந்தது.

“அந்த வார்த்தைய நான் சொல்லியாச்சு மேடம்.”

“எப்போ? எந்த அமர்வுலயும் இல்லையே.”

“எங்கம்மாட்ட. அன்னிக்குச் சாயங்காலம். போலீஸ் வரதுக்கு முன்னாடி. அவ கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தா. ‘யாருல செஞ்சா?’ன்னு கேட்டா. ‘நான்தாம்மா கொன்னேன்’னேன். தட்டக் கீழ வச்சா. அவ்வளவுதான். அதுக்குப் பெறவு எங்கிட்ட ஒத்த வார்த்த பேசல. மாசாமாசம் மனுவுக்கு மட்டும் வருவா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு பாப்பா, போயிருவா. பதினோரு மாசம் வந்தா. பன்னெண்டாவது மாசம் செத்துட்டா.”

மனு என்றால் சிறையில் பார்வையாளர் நேரம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஐம்பது பேர், அந்தப் பக்கம் ஐம்பது பேர் நின்று கத்துகிற இடம் அது. அந்த இரைச்சலில் பேசாமல் நின்றுவிட்டுப் போன ஒரு தாயை பவதாரிணியால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

“அது அவளுக்குச் சொன்ன வார்த்த மேடம். அவ எடுத்துட்டுப் போயிட்டா. அதையே இன்னொரு தடவ ஒரு பெட்டிட்ட, வெளிய விடுவாவன்னு சொன்னேன்னு வைங்க, அப்ப அது என்ன வார்த்த?” அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “அத்த எத்தன ஏன் வருதுன்னு எண்ணிக்கிட்டு இருக்கா. ஏன்னு ஒரு தடவையாவது கேட்டாளா?”

பவதாரிணி விடவில்லை. அந்த ஆளைச் சாக விடக்கூடாது என்ற பதைப்பில் ஒரு துண்டுத் தாளை எடுத்து, ‘நான்தான் கொன்றேன்’ என்று தன் கையாலேயே எழுதி அவர் முன்னால் நீட்டினாள்.

“மனசுலேருந்து வேண்டாம். சும்மா வாசிங்க. உங்களுக்காக இல்லாட்டியும் இசக்கிக்காக.”

இசக்கி அவருடைய மகள். ஆறு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. இப்போது இருபது. மாதம் தவறாமல் வருகிறாள். அவள் பெயரைக் கேட்டதும் கடற்கரை தாளை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

*

புதன்கிழமை காலை பத்து மணிக்கு பவதாரிணியே அத்தை முன்னால் உட்கார வேண்டியிருந்தது.

மாநிலத் தலைமை உளவியலாளர் பதவி அவளுக்கு வரவிருந்தது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து. ஒரே ஒரு சடங்கு பாக்கி. கைதிகளின் தலைவிதியை எழுதுகிற அதிகாரிகளும் உள்ளறியில் அறுபது வாங்க வேண்டும் என்று போன வருடம் ஒரு விதி வந்திருந்தது. அந்த விதியைப் பரிந்துரைத்த குழுவில் பவதாரிணியும் இருந்தாள். கைதட்டல்கூட வாங்கினாள்.

“வணக்கம், பவதாரிணி அம்மா,” என்றது அத்தை. “உங்கள் பணிக்காலத்தில் நேர்ந்த ஓர் இழப்பைப் பற்றிப் பேசலாம். கைதி எண் 2217. செல்வின்.”

அவள் வேறு எதையெதையோ தயார் செய்து வந்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை.

“செல்வின் இறந்துவிட்டார்,” என்று ஆரம்பித்தாள். “நான் சேர்ந்த முதல் வருடம். இருபத்து நாலு வயது. தற்கொலை. அவரைப் பற்றிய அறிக்கையில் சில விஷயங்கள் விடுபட்டுவிட்டன. வேலைப்பளு அதிகமாக இருந்தது. கவனக்குறைவு நேர்ந்துவிட்டது. விசாரணையும் நடத்தப்பட்டது.”

திரையில் எண் வந்தது. இருபத்தேழு.

கடற்கரையைவிட நாலு குறைவு! அவளுக்கு முகம் சிவந்தது. ஆயிரம் கைதிகளின் வாக்கியத்தில் ஏன் தேடியவள், தன் வாக்கியத்தில் ஒன்றுகூட வைக்கவில்லை.

“இன்னும் விரிவாகச் சொல்ல விருப்பமா?” என்றது அத்தை, அதே மெதுவான குரலில்.

பூட்டைச் செய்தவளுக்குச் சாவி தெரியாதா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“செல்வின் மூன்று தடவை என்னிடம் வந்தான். தூக்கம் வரவில்லை என்றான். நான் கேட்டேன். நான் நம்பவில்லை. மாத்திரைக்காக நடிக்கிறான் என்று எழுதினேன். அவனைத் தனி அறைக்கு மாற்றலாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். அவனைத் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை நான். ஒன்பது நாள் கழித்துப் போனேன். நான்தான் கொன்றேன்.”

எண் ஏறிக்கொண்டே போனது. நாற்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, எழுபத்துமூன்று. தொண்ணூற்றிரண்டில் நின்றது.

“நன்றி, பவதாரிணி அம்மா. மனம் திறந்த உங்கள் பேச்சு பதிவு செய்யப்பட்டது. வாழ்த்துகள்.”

வெளியே சூப்பிரண்டு பூங்கொத்தோடு நின்றார். கை கொடுத்தார்கள், லட்டு கொடுத்தார்கள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. செல்வினின் அம்மா புன்னைவிளையிலிருந்து ஒரு வருடம் முழுக்க மாதாமாதம் சிறை வாசலுக்கு வந்தாள். ‘எம்புள்ளைக்கு என்னாச்சு?’ என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த நாட்களில் பவதாரிணி பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனாள். அந்தத் தாய்க்கு இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாத வார்த்தையை, ஒரு நாற்காலிக்காக ஒரு பெட்டியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பெட்டி வாழ்த்துகள் என்றது.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தடவை வாய் கொப்பளித்தாள். கடற்கரை கேட்டது இப்போதுதான் உறைத்தது. ‘அப்ப அது என்ன வார்த்த?’ ஐயோ, அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வேண்டாம், வாசிக்காதீர்கள், அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். நல்லவேளை, நாளைக்குத்தான் அமர்வு.

பிளாக் வாசலில் தலைமை வார்டர் தடுத்தார். “கடற்கரையா? அத்தகிட்ட உக்காந்திருக்கார் மேடம். நாளைக்குப் பெரிய அதிகாரிங்க வர்றாங்கல்ல, எல்லாத்தையும் இன்னிக்கே முடிச்சிடணும்னு சொல்லிட்டாங்க.”

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. ஓடினாள். நாற்பத்தெட்டு வயதில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாக்குகளுக்கு நடுவே உளவியலாளர் மேடம் ஓடுவதைக் கைதிகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கதவு அவள் போய்ச் சேரும்போதே திறந்தது. கடற்கரை வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தொண்ணூத்தொண்ணாம் மேடம்,” என்றார்.

“சொல்லிட்டீங்களா?”

“நேத்து மக மனுவுக்கு வந்தா. ‘எனக்காகச் சொல்லிருப்பா’ன்னு வலயப் புடிச்சுக்கிட்டு அழுதா. நீங்களும் கெஞ்சுனிய. வாசிச்சேன்.” அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். “அது நன்றிங்குது மேடம். எங்கம்மா தட்டக் கீழ வச்சா. இது நன்றிங்குது.”

பவதாரிணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை, அழுதாள்.

“அந்த வார்த்த இப்ப அந்தப் பெட்டிக்குள்ளதான இருக்கு?” என்றார் கடற்கரை. “அத அழிக்க முடியுமா?”

“அழிச்சா மார்க் போயிடும். கோப்ப மூடிடுவாங்க. ஏழு வருஷம்.”

“தெரியும்.”

“உங்க உடம்பு…”

“உடம்பு கெடக்கு மேடம். அழிச்சிருங்க.”

*

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு பவதாரிணி பொறுப்பேற்றாள். பத்து நாற்பதுக்கு அலுவலக உதவியாளர் மும்தாஜைக் கூப்பிட்டாள். மும்தாஜ் பதினெட்டு வருட அனுபவசாலி. எந்த ஆணையை எந்தக் கோப்பில் புதைக்க வேண்டும் என்பது அத்துப்படி.

தலைமை உளவியலாளருக்கு இரண்டு அதிகாரம் உண்டு. கேட்டுக்கொண்டால் ஒரு பதிவை அழிக்கலாம். மார்க் எதுவாக இருந்தாலும் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு கைதியை விடுதலை செய்யலாம். இரண்டாவதை இதுவரை யாரும் தொட்டதில்லை. நாளைக்கு அந்தக் கைதி ஏதாவது செய்தால் ஆணையில் இருக்கிற பெயர்தான் நீதிமன்றத்துக்குப் போகும்.

“அழிப்பு மனு ரெண்டு இருக்கு,” என்றாள் பவதாரிணி.

மும்தாஜ் வாங்கிப் பார்த்தாள். முதல் மனு கடற்கரையுடையது. இரண்டாவதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

“மேடம், இது உங்க பதிவு.”

“ஆமா.”

“இத அழிச்சா உங்க மார்க் போயிடும். மார்க் போனா போஸ்ட் போயிடும்.”

“எத்தன மணிக்குப் போகும்?”

“அழிப்பெல்லாம் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் ஓடும். மேடம், நல்லா யோசிச்சீங்களா? ஒரு வாரம் பொறுங்களேன்.”

ஒரு வாரம் பொறுத்தால் நாற்காலி பழகிவிடும். பவதாரிணிக்குத் தன்னைப் பற்றி அந்த அளவுக்குத் தெரியும். “ரெண்டையும் இன்னிக்கே ஏத்திடுங்க,” என்றாள். “அப்புறம் ஒரு விடுதலை ஆணை டைப் பண்ணுங்க. கைதி கடற்கரை. சொந்தப் பொறுப்பு. அஞ்சு மணிக்குள்ள அவர் வாசலத் தாண்டியாகணும்.”

அவரது மார்க்கும் ஐந்து மணிக்கு அழிந்துவிடும். அதற்குள் வெளியே போகாவிட்டால் கோப்பு தானாக மூடிக்கொள்ளும். மும்தாஜுக்கு அது சொல்லாமலே புரிந்தது. விறுவிறுவென்று தட்டினாள். ‘மேற்படி கைதி இதன்மூலம் விடுவிக்கப்படுகிறார்.’

“விடுவிக்கப்படுகிறார் வேண்டாம். ‘விடுவிக்கிறேன்’னு போடுங்க.”

மும்தாஜ் மாற்றினாள். திரை சிவப்பானது. படிவப் பிழை. இன்னொரு தடவை அடித்தாள். மறுபடியும் சிவப்பு.

“ஏத்துக்க மாட்டேங்குது மேடம். கவர்மெண்ட் ஆர்டர்ல ஏன் வராது. படுகிறார், பட்டது, படும். அவ்வளவுதான். பழையபடியே போட்டுடுங்களேன். யார் தலையிலயும் விடியாது.”

பவதாரிணி சிரித்துவிட்டாள். அடக்க முடியாத சிரிப்பு. கொலைகாரனிடம் ஏன் கேட்கிற அரசாங்கம் தன் ஆணையில் ஒரே ஒரு ஏனைச் சேர்க்காது. இத்தனை வருடம் இந்தப் படிவங்களில் கையெழுத்துப் போட்டவள் ஒரு நாளாவது இதைக் கவனித்தாளா!

“காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டா செல்லுமா?”

“சிறை விதியில இன்னும் இருக்கு மேடம். கரண்ட் போன காலத்துக்கு வச்சது. சூப்பிரண்டு எதிர்க்கையெழுத்துப் போடணும்.”

சூப்பிரண்டு லேசில் போடவில்லை. மதியச் சாப்பாடு என்றார், மீட்டிங் என்றார், மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றார். பவதாரிணி அவர் அறை வாசலில் செருப்புத் தேய நடந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள், இரண்டில் ஒன்றாவது மெதுவாக ஓடாதா என்று. நாலு மணிக்கு உள்ளே புகுந்து, “ஆணையில என் பேருதான் சார் இருக்கு. வம்பு வந்தா எனக்குத்தான் வரும்,” என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்தது. பேனாவைத் திறந்தார்.

வாசலுக்கு வரும்போது நாலே முக்கால். கடற்கரை ஒரு துணிப்பையோடு நின்றார். வெளியே வேப்பமரத்தடியில் இசக்கி எழுந்து நின்றாள். வாசல் வார்டர் பால்துரை ஆணையை வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாக வாசித்தார். அவர் பழைய ஆள், வாசிக்காமல் பூட்டைத் தொட மாட்டார்.

“‘விடுவிக்கிறேன்’னு இருக்கு. யாரு மேடம் விடுவிக்கது?”

“நான்தான்.”

“நாளைக்கு ஏதும் ஒண்ணுன்னா?”

“நான்தான்.”

பால்துரை ஆணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏன் மேடம்?” என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. மணி நாலு ஐம்பது. அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள்.

“அவர் செஞ்சத, சொல்ல வேண்டிய ஆள்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டார் பால்துரை. அதுக்குமேல நாம கேட்டது தப்பு. நான் கேட்டது தப்பு.”

பால்துரை தலையை ஆட்டிக்கொண்டார். புரிந்ததோ இல்லையோ, பதிவேட்டைத் திருப்பி வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சின்னக் கதவைத் திறந்தார். இசக்கி ஓடி வந்து அப்பாவின் பையைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு அடி போன கடற்கரை, எதையோ மறந்தவர் போலத் திரும்பி வந்தார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“எனக்கு இனி வேண்டாம் மேடம். ஒங்க எழுத்துதான, நீங்களே வச்சிக்கிடுங்க.”

அவருக்கு ஒன்றும் தெரியாது. செல்வின் என்று ஒருவன் இருந்ததே தெரியாது. பவதாரிணி தாளைப் பிரித்தாள். நான்தான் கொன்றேன். அவள் கையெழுத்தேதான்.

உள்ளே எங்கேயோ ஐந்து மணிக்கு மணி அடித்தார்கள். இரண்டு பதிவும் அழிந்திருக்கும், அவளுடைய ஒரு நாள் பதவியும் சேர்ந்து. செல்வினின் அம்மாவின் பெயர் முதியோர் உதவிப் பட்டியலில் இன்னமும் இருப்பதை அவள் ஞாயிற்றுக்கிழமையே பார்த்து வைத்திருந்தாள். எழுபத்தொரு வயது. அதே புன்னைவிளை, அதே தெரு. பார்த்து வைத்தாளே தவிர, போகிற தைரியம் இந்த நிமிடம் வரைக்கும் வந்திருக்கவில்லை.

தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“பால்துரை, புன்னைவிளைக்கு பஸ் எத்தன மணிக்கு?”

“அஞ்சே காலுக்கு ஒண்ணு இருக்கு மேடம். பின்வாசல் பக்கமாப் போனா ஸ்டாப்பு கிட்ட.”

“இல்ல,” என்றாள் பவதாரிணி. “இப்படியே போறேன்.”